ரயிலா, மலிவு விமானமா?

கணவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மூன்று வருடமும், விடுமுறை வந்தால் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். அவர் விமானக் கட்சி, நான் ரயில் கட்சி.

விமானம் மலிவு என்பதெல்லாம் முதலில் கண்ணில் படும் விலை மட்டும்தான். இருக்கைக்கு அடியில் வைக்கிற சின்னப் பை ஒன்றுதான் அதில் அடங்கும். பெட்டிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கைக்கும் தனிக் காசு. இறங்குகிற இடமும் ஊருக்குள் இருக்காது. பாரிஸ் என்று சொல்லி விற்கிற போவே விமான நிலையத்திலிருந்து பாரிஸ் சுமார் 80 கிலோமீட்டர். ஒருமுறை பாதுகாப்புச் சோதனையில் என் தக்காளித் தொக்கையும் திரவக் கணக்கில் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். 100 மில்லியைத் தாண்டிவிட்டதாம்!

ரயிலில் தொக்கைக் கேட்பாரில்லை. பக்கத்து ஊரான மன்ஹைமில் ஏறிப் புளியோதரை டப்பாவைத் திறந்தால், மூன்று மணி நேரம் சொச்சத்தில் பாரிஸ் கிழக்கு நிலையம். வெளியே வந்தால் மெட்ரோ. ஐரோப்பாவில் குடியிருப்பவர்கள் பல நாட்டு ரயில்களிலும் போக ஒரே சீட்டாக வாங்கும் இன்டர்ரெயில் பாஸில், பெரியவர் ஒருவரோடு 12 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் இலவசம். ஆனால் பிரான்ஸின் டிஜிவி அதிவேக வண்டிகளில், பாஸ் இருந்தாலும் முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அது கொஞ்சம் கடுப்புதான்.

லிஸ்பன், ஏதென்ஸ் மாதிரித் தூரத்து ஊர் என்றால் சரி, என் ஓட்டும் விமானத்துக்கே.

அப்புறம், தங்களுக்குள் பொதுவாக எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகளுக்குள்தானே என்று குடியிருப்பு அட்டையை உள்ளே திணித்துவிடாதீர்கள். எல்லை தாண்டியதும் ஒருமுறை போலீஸ் ஏறி அதைக் கேட்டது. அட்டை இருந்த பையைத் தலையணையாக்கி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.