பியட் 1100-க்கு டிஸ்க் பிரேக்: சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டில் இருப்பது 1970 மாடல் பியட் 1100 டிலைட். பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியதே, அதே வண்டிதான். 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள்ளே ஷூக்கள் விரிந்து அழுத்தி நிறுத்தும் வகை. பாடி வேலையும் என்ஜின் வேலையும் முடிந்து ராயபுரத்தில் ஓட ஆரம்பித்த பிறகுதான் பிரேக்கில் கை வைத்து, முன்பக்கம் மட்டும் டிஸ்க்குக்கு மாற்றினோம்.

டிரம் பிரேக் மோசம் என்று சொல்ல மாட்டேன். சுழலும் டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்மேல் இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலே அந்தக் கால வண்டிகள் நின்றன. ஆனால் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் கீழே போகும். மழை பெய்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணீரில் இறங்காமல் வர முடியாது. டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் சீக்கிரம் வெளியேறாது. ஒரு சக்கரம் காய்ந்து இன்னொன்று காயாமல் இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் கன்டெய்னர் டிரெய்லர் வரும்போது அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அப்போது இந்த வண்டியில் அந்த ஆயில் ஒரே சுற்றில்தான் ஓடியது. எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு, கையில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். டிஸ்க் போட வேண்டும் என்று கேட்டுப் போன என்னிடம் மெக்கானிக் அண்ணன் முதலில் சொன்னதும் இதைத்தான்: "தம்பி, டிஸ்க்கை அப்புறம் பார்க்கலாம். முதல்ல மாஸ்டர் சிலிண்டரை மாத்து, பைப்பை மாத்து." இன்று என்னிடம் யார் கேட்டாலும் நானும் இதையே சொல்வேன். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயில் அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்கள். டிஸ்க் காத்திருக்கட்டும்.

பழைய இரும்புக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு காப்பர்-நிக்கல் குழாய் போட்டோம். கடல் காற்றில் இரும்புக் குழாய் பெயின்ட்டுக்கு அடியிலேயே அரித்திருக்கும், வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும். வெறும் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி வெடிப்பு விடும்.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதைப் பேட்களால் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டும் பிற்காலச் சிறிய கார் ஒன்றுடையவை. காலிப்பரைப் பிடிக்கும் பிராக்கெட்டை லேத்துப் பட்டறையில் கனமான ஸ்டீல் தகட்டில் செய்து, அதிக பலமுள்ள 10.9 கிரேடு போல்ட் போட்டு முறுக்கினோம். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டியரிங் நக்கிளில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். பின்பக்கம் டிரம்மை அப்படியே விட்டுவிட்டோம். ஹேண்ட்பிரேக் கெடவில்லை, பழைய வீலும் அதன் குரோம் மூடியும் அப்படியே மாட்டிக்கொண்டன. வெளியே பார்த்தால் வண்டி பழைய பியட்தான். எனக்கு அது முக்கியம்.

பலர் கவனிக்காத ஒன்று: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும், சுமார் 10 பிஎஸ்ஐ. அது டிஸ்க் போகும் பக்கத்தில் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முன்பக்கச் சுற்றில் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பழைய ஷூ லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், பட்டறைப் பையன்களிடமும் சொல்லுங்கள்.

டிஸ்க்குக்கு டிரம்மைப் போலத் தன்னால் இறுகும் குணம் கிடையாது, காலில் பலம் வேண்டும். அப்பாவும் இந்த வண்டியை ஓட்டுவார், அவருக்கு முட்டி வலி. அதனால் என்ஜின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டிலிருந்து வேக்கம் எடுத்துத் தனி பூஸ்டர் வைத்தோம். இப்போது அவர் திருவொற்றியூர் போய் வந்தாலும் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. இந்த மொத்த வேலையில் எனக்கு அதிகச் சந்தோஷம் தந்தது இதுதான்.

ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம் பெரிது. வண்டி நேராக நிற்கிறது. தண்ணீரில் இறங்கி ஏறினால் இரண்டு முறை லேசாகப் பெடலைத் தொட்டால் முன் பிரேக் திரும்பிவிடுகிறது. பேசின் பிரிட்ஜ் நெரிசலில் நின்று நின்று வந்தாலும் பெடல் உயரம் மாறுவதில்லை.

பராமரிப்பு கூடியிருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. காசிமேட்டுக் காற்றுக்குக் காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின் சீக்கிரம் இறுகும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, அதற்குரிய கிரீஸ் தடவியே ஆக வேண்டும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துக்கொண்டால் அது 155 வரைகூட இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விட்டுவைக்காதீர்கள்.

2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் உள்ள வண்டிக்குத்தான். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. அந்த எண்ணம் இருப்பவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் எதையும் அறுக்காமல் வேலை செய்திருப்பதால் பழைய டிரம்மைத் திரும்ப மாட்டிவிடலாம்.

மழை ஈரத்தில் காலையில் முதல் பிரேக்குக்கு மட்டும் ஒரு கிறீச் சத்தம் இன்னும் வருகிறது. அடுத்த முறை பேட் மாற்றும்போது வேறு வகை போட்டுப் பார்க்கப் போகிறோம்.