சென்னைக் குழாய்த் தண்ணீர்: குடிக்கலாமா?

புழல், செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து அனுப்பும்போது நல்ல தண்ணீர்தான். கெடுவது வழியில். சப்ளை நின்று குழாய் காலியானால், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே புகும். அதனால் முதல் வாளியைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

குழாய் முனையில் எஞ்சிய குளோரின் (கிருமியைக் கொல்லப் போட்டதில் மிச்சம் இருப்பது) லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்கணும். குளோரின் சோதனைக் கிட்டின் சொட்டு விட்டும் மஞ்சள் நிறமே வரவில்லையா? கொதிக்க வைத்தே குடியுங்கள்.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 500 மி.கி.க்குள் இருந்தால் உப்பை நீக்கும் ஆர்.ஓ. வீண்செலவு, புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யுவி போதும். கலங்கலாக வந்தால் மட்டும் யுவி தோற்கும்; கிருமி தூசித் துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முன்னால் ஒரு 5 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியை அல்ல.

தண்ணீர் வந்து சேரும் வீட்டுத் தரையடித் தொட்டியான சம்ப்பைக் கழுவாமலே குடிநீர் வாரியத்தைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.