கருமுட்டை இருப்பு குறைவா? அதிக அளவு ஊசியும் மாத்திரை வழியும்

கோத்தகிரி, குன்னூரிலிருந்து ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் இறங்கும் பெண்ணுக்கு ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே இருந்தால், பேச்சு இந்த இரண்டு வழிகளில் வந்து நிற்கும்.

முதலாவது, எஃப்எஸ்எச் (முட்டையை வளர்க்கும் ஹார்மோன்) ஊசியைத் தினமும் 300 யூனிட்டோ அதற்கு மேலோ போடுவது. மருந்து கூடினால் முட்டையும் கூடும் என்று நம்புவது இயல்புதான். ஆனால் சினைப்பையில் இல்லாத முட்டையை எந்த ஊசியும் உருவாக்காது. அந்த மாதம் வளரத் தயாராக இருப்பவற்றை மட்டுமே வளர்க்கும். அதனால்தான் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் 300-ஐத் தாண்டுவதைப் பரிந்துரைப்பதில்லை. செலவும் மிக அதிகம். இந்த ஊசிகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரியில், உறையாமல் காக்க வேண்டும். ஊட்டிக் குளிரே போதுமென்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள்!

இரண்டாவது, தொடக்க நாள்களில் லெட்ரோசோல் அல்லது குளோமிஃபீன் மாத்திரை. உடலே எஃப்எஸ்எச்சை அதிகம் சுரக்கும். பிறகு சிறிதளவு ஊசி சேர்ப்பார்கள். முட்டைகள் சற்றுக் குறையலாம், முட்டை எடுக்காமலே சிகிச்சைச் சுற்று நின்றுபோகவும் கூடும். ஆனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஸ்கேனுக்காக மலையிறங்கும் அலைச்சல் இரண்டிலும் உண்டு. கடன் வாங்கிச் சிகிச்சைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். 300-க்கு மேல் எழுதிக்கொடுத்தால், காரணத்தை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், சகோதரி.