நாலு வருஷம் சிங்கிள், மூணு வருஷம் டூயலி

நாங்கள் இருப்பது டெக்சாஸ், சான் அன்டோனியோ. எங்களுடைய ட்ரெய்லர் ஃபிஃப்த் வீல் வகை, அதாவது வண்டியின் பின் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு மேலே மாட்டுவது. எடை வரம்பு 14,500 பவுண்டு. முதல் நாலு வருஷம் அதை இழுத்தது ஃபோர்டு எஃப்-350 பிக்கப் வண்டி, பின்னால் பக்கத்துக்கு ஒரு டயர். இப்போது மூணு வருஷமாக அதே மாடல்தான், ஆனால் பக்கத்துக்கு ரெண்டு டயர். இங்கே அதை டூயலி என்பார்கள். ரெண்டிலும் அதே 6.7 லிட்டர் டீசல் இன்ஜின். அதனால் எது நன்றாக இழுக்கும் என்று கேட்டால் என்னிடம் பதிலே கிடையாது. ரெண்டும் இழுக்கும். முதல் வண்டியை விற்றவரும் அதைத்தான் சொன்னார், பொய்யில்லை. பின் ஆக்சில் மேல் எவ்வளவு உட்காரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பால் ஹிட்ச்சில், அதாவது வண்டியின் பின்முனையில் இருக்கிற இரும்பு உருண்டையில், மாட்டும் ட்ரெய்லர் என்றால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டி மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் 20 முதல் 25 சதவீதம். எங்களுக்கு அதுவே 3,000 பவுண்டைத் தொடுகிறது. அதோடு ஹிட்ச், ஜெனரேட்டர், டூல் பாக்ஸ், நாலு ஆள். ரெண்டாவது வருஷம் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில், ஒரு ட்ரக் ஸ்டாப்பின் எடை மேடையில் சும்மா ஏற்றிப் பார்த்தேன். பின் ஆக்சில் 7,340. டயரில் அச்சடித்திருந்தது ஒன்றுக்கு 3,640, ஆக ரெண்டுக்கு 7,280. முன் ஆக்சிலையும் சேர்த்தால் மொத்தம் 12,040. கதவுத் தூண் ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பு 11,500தான். எடைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஜெனரேட்டரை ட்ரெய்லரின் பின்பக்கம் மாற்றிவிட்டு, வெட்கத்தோடு சொல்கிறேன், இன்னும் ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

மாற்ற வைத்தது காற்று. ஐ-10 நெடுஞ்சாலையில் ஓசோனா என்ற ஊரைத் தாண்டினால் மறைவே இல்லாத வெட்டவெளி. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது ஒரு பதினெட்டுச் சக்கர லாரி முந்திப் போனால், பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கும். எடை முழுக்க ரெண்டே ரெண்டு டயரின் பக்கச்சுவரில் நின்று நெளிகிறது, அவ்வளவுதான் விஷயம். டூயலியில் அதே ரோடு, அதே காற்று. ஆட்டம் ஸ்டீயரிங் வரை வந்து சேர்வதில்லை. இதன் டயர் சின்னது. தனியாக இருந்தால் 3,195 பவுண்டு தாங்கும், ஜோடியாக மாட்டினால் 2,910தான் கணக்கு. நாலுக்கும் சேர்த்து 11,640. ஏறுகிற சுமைக்கும் டயர் தாங்குகிற அளவுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

மற்றபடி ட்ரெய்லரைக் கழற்றிவிட்டால் இது ஒரு தொல்லை. அகலம் 80 அங்குலத்திலிருந்து 96 ஆகிவிட்டது, அதாவது கண்ணாடி போக முழுசாக எட்டு அடி. டிரைவ்-த்ரூ பக்கம் போவதே இல்லை. மளிகைக் கடையில் மைதானத்தின் கோடியில் நிறுத்துவேன். "ஒரு கட்டு கொத்தமல்லிக்கு இவ்ளோ தூரம் நடக்கணுமாங்க?" என்பது வாராவாரம் கேட்கிற கேள்வி. ஈரப்புல்லில் காலி வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். இருக்கிற கொஞ்ச எடையும் நாலு டயருக்குப் பிரிந்துவிடுகிறதே. லைசென்ஸ் விஷயமும் உண்டு. பழைய வண்டியின் 11,500ஐயும் ட்ரெய்லரின் 14,500ஐயும் கூட்டினால் சரியாக 26,000. டூயலியின் வரம்பு 14,000, கூட்டினால் 28,500. டெக்சாஸில் 26,000 தாண்டினால், சொந்த உபயோகத்துக்கே என்றாலும், கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் மறுபடி பரீட்சை எழுதினேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் 9,000 பவுண்டு பால் ஹிட்ச் ட்ரெய்லரை வைத்துக்கொண்டு டூயலி பார்க்கிறேன் என்றார். வேண்டாம், சிங்கிளே தாராளம் என்றேன். வருஷத்துக்கு நாலு தடவை இழுக்க, மீதி நாளெல்லாம் எட்டடியை எதற்குச் சுமக்க வேண்டும்?

உள் டயரைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளி டயர் மறைத்துக்கொண்டிருக்கும், வால்வுக்குக் கையை வளைத்துவிட வேண்டும். காற்று இறங்கினாலும் ஜோடி டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் ஓட்டும்போது தெரியாது. டயர் பிரஷர் சென்சார் இரட்டைச் சக்கர வண்டிக்குச் சட்டப்படி கட்டாயமும் இல்லை, என் வண்டியில் வரவில்லை. எனக்கு ஊர் நாமக்கல். லாரி நிற்கிற இடமெல்லாம் கிளீனர் பையன் இரும்புக் கம்பியால் டயரை வரிசையாகத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன். போன மாதம் கிளம்பும் முன் சும்மா ஒரு கம்பியால் தட்டினேன். மூணு டயர் கம்பியைத் திருப்பி எறிந்தது. வலது உள் டயர் 'தொப்' என்றது. கேஜ் வைத்தால் காற்று 38 பிஎஸ்ஐ. இருக்க வேண்டியது 80. அன்று ராத்திரியே சென்சார் செட் ஆர்டர் போட்டேன். கம்பி இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.