கெரையோஸா, கேரையோஸா? பெர்சியஸ் சொல்லாய்வுக் கருவி: ஒரு மதிப்பீடு

பண்டைக் கிரேக்கத்தில் 'முதிய' என்று பொருள்படும் பெயரடை கெரையோஸ். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் பண்டை நூல்களுக்காக நடத்தும் பெர்சியஸ் இணைய நூலகம் எதில் கெட்டி, எங்கே கோட்டை விடும் என்று பார்க்க இந்த ஒரு சொல் போதும். கட்டணம் கிடையாது.

அதன் சொல்லாய்வுக் கருவி சொல்வடிவத்தைப் பகுப்பதில் கெட்டி. 'அதிக முதிய' என்பதற்கு விதிப்படி கெரையோத்தெரோஸ் என்று வர வேண்டும், வருவதோ கெரைத்தெரோஸ். நடுவிலுள்ள ஓகாரம் விழுந்துவிடுகிறது. 'மிக முதிய' என்பதும் அப்படியே, கெரைத்தத்தோஸ். அகராதியில் எந்தத் தலைச்சொல்லின் (பதிவின் முதற்சொல்) கீழ்த் தேடுவது என்று திணறும் இடம் இது. கருவி நேரே கெரையோஸில் கொண்டுபோய் விடும். ஆனால் கெரையா என்று இட்டால் பெண்பால் ஒருமை, அஃறிணைப் பன்மை எனப் பல பகுப்புகள் வரும். ஒவ்வொரு பகுப்பின் பக்கத்திலும் இருக்கும் சதவீதம், எது பொருந்தும் என்பதன் வெறும் கணிப்பு. ஈஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தின் 710ஆம் அடியில் இச்சொல் டிராய் அரசன் பிரியாமின் நகரத்தைக் குறிக்கிறது. 'நகரம்' என்ற சொல் கிரேக்க மொழியில் பெண்பால், ஆகவே இங்கே பெண்பால் ஒருமை. வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தட்டச்சில் ஒரு பொறி. ஆங்கில எழுத்தில் இடும்போது குறில் எகரத்துக்கு 'இ' (e) விசை, நெடிலுக்கு 'எச்' (h) விசை. மாற்றி அழுத்தினால், நெடிலில் தொடங்கும் கேரையோஸ் என்ற வேறொரு பெயரடைக்குப் பதில் கெரையோஸ் வந்து நிற்கும். இரண்டுக்கும் 'முதிய' என்றே பொருள் வருவதால் பிழை கண்ணில் படாது. எகர ஏகாரம் பிரித்து எழுதும் நமக்கு இது எளிதில் பிடிபடும்: கேரஸ் முதுமை, கெரஸ் மரியாதைப் பங்கு.

அகராதிப் பகுதி லிடெல்–ஸ்காட்–ஜோன்ஸ் கிரேக்க–ஆங்கில அகராதியின் 1940 பதிப்பு. ஹோமரின் காவியங்களில் கெரையோஸ் எப்போதும் மனிதரையே, அதுவும் மதிப்போடு சுட்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. அதன் சுருக்கப் பதிப்போடு நின்றுவிட்டால் இந்த நயம் தப்பிவிடக்கூடும். 'இலியட்' 11ஆம் காண்டத்தில் வீரன் பத்ரோக்ளஸ் முதிய அரசர் நெஸ்தரை கெரையே என்று விளிக்கிறான். அதைக் 'கிழவா' என்று தமிழாக்கினால் கெட்டது, 'பெரியவரே'தான் பொருந்தும். (தொல்காப்பியத்துக் 'கிழவன்' உரிமையுடையவன், தலைவன், அந்தக் காலமாக இருந்தால் பரவாயில்லை.)

பக்கம் திறப்பதில் சுணக்கம் உண்டு. பொருள் மட்டும் போதுமென்றால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகையோன் மேல். பல அகராதிகள் ஒரே பக்கத்தில், கைபேசிச் செயலியாகவும் கிடைக்கும். மூலத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டே சொல்லைச் சொடுக்கிப் பார்க்க பெர்சியஸ்தான்.