டெங்குக்கு கார்டு டெஸ்ட்டா, எலைசாவா?

காய்ச்சல்னு போனா நம்ம கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் நெறைய லேப்ல கார்டு டெஸ்ட் தானுங்க, ரெண்டு சொட்டு ரத்தம், இருபது நிமிசத்துல கோடு விழுந்துரும். அவசரத்துக்கு சௌரியம், ஆனா கோடு மங்கலா இருந்தா பாக்கறவரு கண்ணு தான் தீர்ப்பு, நெகட்டிவ்னு வந்தாலும் டெங்கு இல்லைன்னு அடிச்சு சொல்ல முடியாது.

எலைசாங்கறது லேப்ல மெசின் வெச்சுப் பாக்கற ரத்தப் பரிசோதனை, அது வேற மாதிரி. 96 குழி இருக்கற தட்டுல பலரோட சீரத்த (ரத்தத்துல இருந்து பிரிச்செடுக்கற தெளிஞ்ச நீர்) ஒண்ணா ஓட்டுவாங்க, கூடவே டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்க கன்ட்ரோல் சாம்பிளும் இருக்கும், நிறத்த மெசின் அளக்கும். சில மணி நேரம் புடிக்கும், சாம்பிள் சேரட்டும்னு வெச்சிருந்தா ரிசல்ட் அடுத்த நாளுக்குக்கூட போயிரும் (அதுக்குள்ள வீட்ல இருக்கறவங்க படற பாடு இருக்குதே!). காய்ச்சல் வந்து அஞ்சு நாளைக்குள்ளன்னா என்எஸ்1 (டெங்கு வைரசோட புரதம்), அதுக்கப்புறம்னா ஐஜிஎம் (வைரசுக்கு எதிரா ஒடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி) பாக்கோணும், இந்த ஐஜிஎம் டெஸ்ட் கிட்டுகளை அரசு லேப்களுக்கு அனுப்பறது புனேல இருக்கற தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் (என்ஐவி).

என்னைக் கேட்டா எலைசா தானுங்க. கொசு மாதிரி பூச்சிகளால பரவற நோய்களத் தடுக்கற தேசியத் திட்டம் கன்ஃபர்ம்னு எடுத்துக்கறதும் அதைத்தான். அரசு லேப்ல பாசிட்டிவ்னா சுகாதாரத்துறைக்கு தகவல் போயி, கொசுப்புழு பாக்கறவங்க தெருவுக்கே வந்து, நாள்கணக்குல தண்ணி புடிச்சு வெச்ச ட்ரம்ம, சிமெண்ட் தொட்டிய டார்ச் அடிச்சுப் பாத்து அபேட்டுங்கற கொசுப்புழு மருந்த ஊத்துவாங்க. ஆனா வயித்துவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவுன்னா எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க.