40 எச்பி ஸ்பீட் போட், இப்போது பேட்டரியில்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

படகு 16 அடி ஃபைபர், அடிப்பாகம் வி வடிவம். பின்பலகையில் வெளியே மாட்டியிருந்தது 40 எச்பி டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு. அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட்டும் கியரும் உள்ள கீழ்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே 96 வோல்ட் நிரந்தரக் காந்த மோட்டார் பொருத்தியிருக்கிறோம். தொடர்ந்து 15 கிலோவாட் தரும். பேட்டரி, 280 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்கள் 30, தொடர் இணைப்பில். மொத்தம் 26.9 யூனிட். அதில் 80 சதவீதம் மட்டுமே எடுப்பதால் கையில் இருப்பது 21.5 யூனிட்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள் பெருகினால் மாசி வரை நன்னீர் ஓட்டம். வாடைக் காற்று அடங்கியதும் டிரெய்லரில் ஏற்றித் தொண்டிக் கடலுக்கு. வந்த கோளாறுகளில் பாதி, இப்படி இரண்டு தண்ணீரிலும் மாறி மாறி ஓடுவதால் வந்தவை.

மாற்ற நினைப்பவர்கள் மோட்டார் விலையை விசாரிக்கும் முன் வேகக் கணக்கைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து, மொத்த எடை 835 கிலோ வரும்போது, அமைதியான தண்ணீரில் பேட்டரியிலிருந்து போகும் சக்தி ஏறத்தாழ இப்படி:

மணிக்கு 7 கி.மீ.: 1.2 கிலோவாட்
10 கி.மீ.: 4 கிலோவாட்
15 கி.மீ.: 12.5 கிலோவாட்
20 கி.மீ.: 14 கிலோவாட்
25 கி.மீ.: 16.5 கிலோவாட்
30 கி.மீ.: 24 கிலோவாட்

15-க்கும் 25-க்கும் இடையே சக்தி எவ்வளவு குறைவாகக் கூடுகிறது என்று கவனியுங்கள். 25-ல் ஒரு கி.மீ.க்கு 0.66 யூனிட், 15-ல் 0.83 யூனிட். அதாவது 25-ல் போனால் 32 கி.மீ. ஓடும் படகு, 15-க்குக் குறைத்தால் 26 கி.மீ.யில் நின்றுவிடும். சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சார்ஜ் குறைந்ததும் பாதி வேகத்துக்கு இறக்குவார்கள். இந்தப் படகில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. 10-லிருந்து 18 கி.மீ. வரை படகு தான் எழுப்பிய முன் அலையின் மேல் ஏறிக்கொண்டே இருக்கிறது. மூக்கு தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போகிறது. அதைத் தாண்டி மேலே எழும்பி வழுக்க ஆரம்பித்தால்தான் பாரம் இறங்கும். சார்ஜ் குறைந்தால் ஒரே வழி 7 கி.மீ.க்கு இறங்குவது. அந்த வேகத்தில் முழு சார்ஜுக்கு 120 கி.மீ.க்கு மேல் கணக்கு வரும்.

கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு தடத்தில் 2017 முதல் ஓடும் ஆதித்யா சோலார் படகு 75 பேரை ஏற்றுகிறது. அதன் பேட்டரி 50 யூனிட்தான். எங்கள் படகில் மூன்று பேருக்கு அதில் பாதிக்கு மேல் இருந்தும் 25 கி.மீ. வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. வேகப் படகுக்கு மின்சாரம் ஏற்றதா என்று கேட்டால், குறுகிய தூரத்துக்கு வேகம், மற்ற நேரமெல்லாம் மெதுவாக என்று ஓட்டுபவருக்கு மட்டும் ஏற்றது. முழு ஓட்டத்தில் மணிக்கு 15 லிட்டர் பெட்ரோல் குடித்து நாள் முழுக்கச் சவாரி அடிக்கும் படகுக்கு மாற்றாக இதை நான் சொல்ல மாட்டேன்.

எடை வைக்கும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. பேட்டரிப் பெட்டி 195 கிலோ. பழைய பெட்ரோல் டாங்க் இருந்த பின்மூலையில் அதை வைத்தால் மூக்கு இறங்கவே இறங்காது, 15 கிலோவாட்டில் படகு எழும்பாது. ஆட்களோடு சேர்த்து எடை மையம், பின்பலகையிலிருந்து படகு நீளத்தில் 35–40 சதவீத தூரத்தில் விழ வேண்டும். 16 அடிக்கு அது சுமார் ஆறு அடி. பெட்டியை நடு இருக்கைக்குக் கீழே வைத்து, ஃபைபரில் பதித்த குறுக்குச் சட்டங்களோடு போல்ட் போட்டிருக்கிறோம். வெறும் பெல்ட் கட்டு அலையில் தாங்காது.

மோட்டாரையும் கீழ்ப்பகுதியையும் இணைக்கும் 12 மி.மீ. அலுமினியத் தகடு லேத்தில் கடைந்தது. டிரைவ் ஷாஃப்ட்டின் பல்லுக்குப் பொருந்தும் கப்ளிங்குக்குப் பழைய கிராங்க் ஷாஃப்ட்டின் அடிமுனையை வெட்டி எடுத்துக்கொள்வது நல்லது. புதிதாகப் பல் வெட்டினால் மட்டம் துல்லியமாக வராது. மையம் சற்று விலகினாலும் மேல் சீல் தேய்ந்து கியர் ஆயிலில் தண்ணீர் கலக்கும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் அதுதான் காரணம்.

இங்கே பலரும் தவறும் இடம் ரிவர்ஸ். மின் மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுமே, கியர் எதற்கு என்று தோன்றும். ஆனால் அதே டிரைவ் ஷாஃப்ட்தான் கீழே தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரையும் சுற்றுகிறது. அதன் இதழ்கள் ஒரு பக்கம் வளைந்து பழகியவை. எதிர்ப்பக்கம் சுற்றினால் மடங்கிக் கிழியும். முன்கியரைப் பற்றிக்கொள்ளும் டாக் கிளட்ச் பற்களும் ஒரு பக்கச் சரிவு உள்ளவை, எதிர்விசையில் நழுவித் தேயும். ஆகவே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ரிவர்ஸை நிரந்தரமாக அணைத்துவிட்டு, பழைய கியர் லிவரையே வைத்திருக்கிறோம். இதிலும் ஒரு சிக்கல். பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் சுற்றிக்கொண்டே இருக்கும், பல் தானாக விழும். நின்றிருக்கும் மின் மோட்டாரில் பல்லோடு பல் முட்டி லிவர் போகாது. நியூட்ரலில் மோட்டார் நிமிடத்துக்கு 150 சுற்று சுற்றும்படி ஒரு ஸ்விட்ச் வைத்ததும் சரியானது.

ஆக்சிலரேட்டர் ஏற்றத்தை இரண்டரை விநாடிக்குப் பரப்புங்கள். மின் மோட்டாரின் முழு முறுக்குவிசை முதல் சுற்றிலேயே வந்துவிடும். அது புரொப்பெல்லர் நடுவிலுள்ள ரப்பர் புஷ்ஷை வழுக்க வைக்கும். முதல் வருடத்தில் போன புஷ் ஒன்று அப்படித்தான் போனது.

புரொப்பெல்லர் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரம், 13 அங்குலத்திலிருந்து 10-க்கு மாற்றியாயிற்று. 13-ல் அதே சக்தி நிமிடத்துக்கு 3,100 சுற்றில் வரும், முறுக்குவிசை கூடும், மோட்டார் சுருளில் மின்னோட்டம் ஏறிச் சூடாகும். 10-ல் 4,000 சுற்றில் ஓடுகிறது. கியர் விகிதம் 2:1. கண்மாய் ஓட்டத்துக்கு அலுமினியப் புரொப்பெல்லர் போதும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரக் கட்டைகள் மோதும்போது இதழ் வளையட்டும், கியர் தப்பிக்கும். அதே காரணத்துக்காக மோட்டாரைச் சாய்க்கும் பூட்டைத் திறந்தே வைத்து ஓட்ட வேண்டும். கண்மாயில் இறக்கும் முன் மீன்பாசிக் குத்தகைக்காரரிடமும் ஆயக்கட்டுக்காரர்களிடமும் கேட்டுவிடுவது மரியாதை. வலை எங்கே கிடக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

குளிர்விப்பில் இரண்டு சுற்று. மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் கூலன்ட் ஓடும் மூடிய சுற்று. அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போவது, இம்பெல்லர் இழுக்கும் வெளித்தண்ணீர். வெளித்தண்ணீரை நேரே கன்ட்ரோலரில் விட்டால் கண்மாய் வண்டல் அடைக்கும், கடலில் உப்புப் படியும். தொண்டிப் பக்கம் கடற்புல் அதிகம். அறுந்து மிதக்கும் புல் உறிஞ்சு துளையை மூடிவிடும். கன்ட்ரோலர் 75 டிகிரியைத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளை. இம்பெல்லர் வருடம் ஒரு முறை மாற்று. தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து மோட்டாரைச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே போய்விடும்.

அடுத்தது துரு. அலுமினியக் கீழ்ப்பகுதிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும் உலோகத் துண்டுதான் அனோடு. உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம் என்பது வழக்கம். எங்கள் படகுக்கு இரண்டும் உதவவில்லை. துத்தநாகம் கண்மாயில் நாலு மாதம் கிடந்தால் மேலே கெட்டியான ஏடு படிந்து செயலற்றுப்போகும். அப்படியே கடலில் இறக்கினால் அனோடு முழுசாக இருக்கும், கியர் பெட்டி அரிக்கும். மெக்னீசியம் கடலில் சில வாரங்களில் கரைந்துவிடும். அலுமினியக் கலவை அனோடுதான் இரண்டு தண்ணீருக்கும் ஒத்துவருகிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அனோடு கரைவதும் பேட்டரி தீர்வதும் ஒரே மின்வேதியியல்தான். 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ள காரைக்குடியில் இதைச் சொன்னால் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

96 வோல்ட் சுற்றின் நெகட்டிவை மோட்டார் உடலோடு எங்கும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கசியும் மின்னோட்டம் அனோடைத் தின்றுவிட்டு அலுமினியத்தைத் தின்னும். 12 வோல்ட் எடுக்கும் கன்வெர்ட்டரும் தனிமைப்படுத்தப்பட்ட வகையாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கன்ட்ரோலரையும், செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ்ஸையும் பிரித்துவிட்டு, மின்கசிவுத் தடையை அளக்கும் மெகரில் பார்க்கிறோம். 1 மெகா ஓம்முக்கு மேல் இருந்தால் நிம்மதி, 100 கிலோ ஓம்முக்குக் கீழே வந்தால் படகு தண்ணீரில் இறங்காது. ஒரு முறை அளவு அப்படிக் குறைந்ததற்குக் காரணம், சார்ஜிங் சாக்கெட்டுக்குள் போன உப்பு ஈரம்.

கேபிள் 70 சதுர மி.மீ., வெள்ளீயம் பூசிய செம்பு. பூசாத செம்பு, கேபிள் முனையில் அழுத்தும் லக்குக்குள்ளேயே பச்சை பூத்துச் சூடாகும். மெயின் ஃபியூஸ் 300 ஆம்பியர், 125 வோல்ட் டிசிக்கு மதிப்பிட்டது. ஏசி ஃபியூஸை வைக்காதீர்கள், டிசி பொறி அதில் அணையாது. பேட்டரியை இணைத்துப் பிரிக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் மூடும் முன், கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்ப ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் அவசியம். இல்லையென்றால் கன்ட்ரோலர் கெப்பாசிட்டர்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் கான்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அவசர ஸ்விட்சை அழுத்தியும் மின்சாரம் நிற்காது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்புக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். பெரிய பேட்டரியை பிஎம்எஸ் அணைத்துவிட்டாலும் படகுக்குள் வரும் தண்ணீர் வெளியேற வேண்டும்.

செல்கள் எதிர்பார்த்ததை விட நன்றாகத் தாங்கியிருக்கின்றன. இரண்டு வருடத்தில் கொள்ளளவு இழப்பு 4 சதவீதத்துக்குள். எதிரி இங்கே ஓட்டமல்ல, வெயில். சித்திரை, வைகாசியில் தார்ப்பாய் மூடி வெயிலில் நிறுத்திய ஃபைபர் படகுக்குள் 50 டிகிரிக்கு மேல் போகிறது. 45-க்கு மேல் எல்எஃப்பி செல்லை சார்ஜ் செய்யக் கூடாது. படகு ஓட்டுக் கொட்டகை நிழலில் நிற்கிறது, சார்ஜ் பின்னிரவில். ஓட்டமில்லாத மாதங்களில் 50 சதவீதத்தில் வைக்கிறோம், 100-ல் விட்டுவைப்பதில்லை.

3.3 கிலோவாட் சார்ஜர் காலியிலிருந்து நிரப்ப ஏழு மணி நேரம், மீட்டரில் 23–24 யூனிட். அது 15 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுப்பதால் வீட்டு 16 ஆம்பியர் பிளக் பின் கருகியது. இப்போது 32 ஆம்பியர் நீல நிறத் தொழிற்சாலை வகை சாக்கெட், தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. தொண்டியில் கரையில் சார்ஜ் கிடைக்காததால் போகும் வழியில் 35 சதவீதம் செலவானதும் திரும்பிவிடுகிறோம். மதியத்துக்கு மேல் காற்று எதிர்த்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் கூடும். அலையில் 25-ஐப் பிடிக்க முடியாமல் 15-க்கும் 20-க்கும் நடுவே சிக்கினால் 7-க்கு இறங்கிவிடுங்கள்.